தேறாது சார் எழுதிய கருத்து

பேனா மை ரப்பருக்கு அழியாது என்பது தேறாது சாருக்குத் தெரியாத விஷயமில்லை. இருந்தாலும் பத்து நிமிஷமாக அழித்துக்கொண்டிருந்தார்.

நூலகத்தின் கடைசி மேசையில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலது கையில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்திருந்தார். முன்னால் விரித்து வைத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'வாசகர் கருத்து' என்று தலைப்புப் போட்டு ஒட்டிய தாளில், மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே குண்டு குண்டாக எழுதிய ஒன்பது வரிகள். அழிக்க அழிக்க எழுத்து போகவில்லை, தாள்தான் போய்க்கொண்டிருந்தது. 'சிரிப்பு' என்ற சொல்லில் 'சி' இருந்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"என்ன சார், மேசையெல்லாம் ரப்பர் தூசி?"

தூக்கிவாரிப் போட்டது. நூலகர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு எழுத்துப்பிழை. திருத்திட்டிருக்கேன்."

"ஒன்பது வரியுமா பிழை?"

"எழுதினதே பிழைதாம்மா," என்றார். அந்த வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான்.

அவருக்கு அந்தப் பெயர் பிஸ்கட் தொழிற்சாலையில் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே தரப் பரிசோதகர். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் பத்து பிஸ்கட்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைப்பார். சத்தம் சரியாக இருந்தால் ஒன்றை வாயில் போடுவார். பிறகு அட்டையில் 'தேறும்' அல்லது 'தேறாது' என்று எழுதுவார். உப்பு பிஸ்கட்டில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் அது எத்தனை ருசியாக இருந்தாலும் தேறாது. பெட்டிமேல் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் முதுகுக்குப் பின்னால் 'தேறாது சார்' என்றார்கள். பிறகு நேரிலேயே சொன்னார்கள். கோபம் வந்தால் மனைவியும் சொல்வாள்.

அந்த மனிதருக்கு நகைச்சுவைப் புத்தகங்கள் என்றால் உயிர். சிரிப்பே வராத முகத்தோடு சிரிப்பு அலமாரியில் இருந்த இருநூற்றுச் சொச்சம் புத்தகங்களையும் படித்து முடித்துவிட்டார். படித்ததோடு விட்டிருக்கலாம். ஒவ்வொன்றின் கடைசியிலும் கருத்து எழுதினார்.

'நூற்றெண்பது பக்கத்தில் மூன்று சிரிப்பு. அதில் ஒன்று அச்சுப்பிழை. தேறாது.'

'முன்னுரையில் எழுத்தாளரின் நண்பர் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்கிறார். எந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்லியிருந்தால் நானும் போய்ப் பார்த்திருப்பேன். தேறாது.'

'வழுக்கைத் தலையரைக் கேலி செய்து பதினான்கு கதைகள். எழுத்தாளரின் புகைப்படத்தைப் பார்த்தேன். அடர்த்தியான முடி. தன் தலையைப் பற்றி எழுதியிருந்தால் தேறியிருக்கும்.'

'ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் மூன்று ஆச்சரியக்குறி. எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. தேறாது.'

இப்படி. நூலகத்துக்கு வருகிறவர்கள் புத்தகத்தை எடுத்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். கருத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

புத்தகங்களோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு குடும்ப விசேஷத்தில் மனைவியின் பெரியப்பா தன்னுடைய புகழ்பெற்ற ஜோக்கைச் சொல்லி முடித்தபோது, அதை எந்தச் சொல்லில் முடித்திருக்க வேண்டும் என்று இவர் விளக்கினார். "இனிமே உன் முன்னாடி நான் சிரிக்கவே மாட்டேன்," என்றார் பெரியப்பா. "இதுவரைக்கும் நீங்க மட்டும்தானே சிரிச்சீங்க," என்றார் இவர். அத்தோடு அந்த வீட்டுப் போக்குவரத்து நின்றது. பள்ளிக்கூடத் தோழன் ஒருவன், அலுவலகத் தோழர் இருவர், எதிர்வீட்டுக்காரர் என்று வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு கருத்தோடு விலகிப் போனார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே நண்பர் பூகோள வாத்தியார்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒல்லி. அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். போன வருஷம் பூங்காவின் நடைபாதையில் பழக்கம். முதல் நாளே, "சார், சட்டைப் பட்டனை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க," என்று இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். வாத்தியார் குனிந்து பார்த்தார். "ஆமா. காலையிலேருந்து நாலு பேரைப் பாத்தேன், ஒருத்தரும் சொல்லல. ரொம்ப நன்றி சார்," என்றார். உண்மையைச் சொன்னதற்கு ஒருவர் நன்றி சொன்னது அவர் ஆயுளில் அதுவே முதல் தடவை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்து சுற்று. காற்று எங்கிருந்து வருகிறது, ஆறு ஏன் வளைந்து போகிறது என்று வாத்தியார் சொல்வார், இவர் கேட்டுக்கொண்டே நடப்பார். வீட்டு விஷயம் இருவரும் பேசியதில்லை. பேசாமலே சௌகரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன். நான் ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கேன். புனைபெயர்ல."

"சொல்லவே இல்லையே! என்ன பேரு?"

"'இரண்டு இடது செருப்புகள்'."

தேறாது சாரின் கால் நின்றுவிட்டது. மஞ்சள் அட்டை. அட்டையில் கோணல்மாணலாக இரண்டு செருப்பு. சிரிப்பு அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு.

"நம்ம லைப்ரரிக்கும் ஒரு பிரதி குடுத்தேன். அதுக்கு ஒரே ஒருத்தர் கருத்து எழுதியிருக்காரு. வரி வரியா எனக்கு மனப்பாடம்." வாத்தியார் நேராகப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "'சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தபோது, உடம்பு சரியில்லையா என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்த பிறகும் இரண்டு நாள் தொந்தரவு. நம்பி வந்த வாசகனை இப்படியா வீட்டுக்கு அனுப்புவது? நகைச்சுவையில் சுத்தமாகத் தேறாது. இப்படிக்கு, ஒரு வாசகர்.'"

ஒரு எழுத்து பிசகவில்லை.

"அவரை நேர்ல பாக்கணும் சார்," என்றார் வாத்தியார். "முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தின கண்ணு இது. அந்தக் கையெழுத்தை எங்க பாத்தாலும் ஆளைப் பிடிச்சிடுவேன்."

"பாத்து... என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்னு எனக்கே தெரியல சார்." வாத்தியாரின் குரல் நடுங்கியது.

இத்தனை சாதுவான மனிதருக்கு இத்தனை ஆத்திரம் வரும் என்று தேறாது சார் கனவிலும் நினைத்ததில்லை. இந்தக் கையும் இந்தப் பேனாவும் செய்த வேலை அது.

நடை முடிந்து பிரியும்போது வாத்தியார் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "உங்க கண் டாக்டர் விலாசம் சொன்னீங்களே, கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்."

தேறாது சார் பேனாவை இடது கையில் வாங்கினார்.

"வலது கையில என்ன?"

"சுளுக்கு."

இடது கையால் எழுதிய விலாசம் கோழி கிளறினாற்போல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாராலும் எந்த டாக்டரிடமும் போக முடியாது. போகட்டும், கையெழுத்து தப்பித்தது. ஆனால் சுளுக்கு என்று சொல்லியாகிவிட்டதால் மறுநாள் காலையில் கட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இரண்டாவது சுற்றில் அவருடைய ஷூ கயிறு அவிழ்ந்தது. எப்போதும் இல்லாத திருநாளாக அன்றைக்குப் பார்த்து அவிழ்ந்தது.

"இருங்க இருங்க. கையை அசைக்காதீங்க," என்று வாத்தியார் நடைபாதையில் மண்டி போட்டார். தன்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர் காலடியில் குனிந்து கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் தேறாது சார். வாத்தியாரின் நடு மண்டையில் முடி மெலிந்திருந்தது. காலை இழுத்துக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ரப்பரை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

ஓட்டை விழுந்த தாளோடு புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளன், சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான். விஷயத்தைக் கேட்டதும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஊர்ல எல்லாரும் புத்தகத்தைப் படிச்சிட்டுத் திருப்பிக் குடுப்பாங்க. நீங்க மட்டும்தான் மார்க் போட்டுக் குடுப்பீங்க," என்றாள் மனைவி. "பெரியப்பா போனாரு. எதிர்வீட்டுக்காரங்க போனாங்க. இருந்தவர் இவர் ஒருத்தர். அவரையும் அனுப்பியாச்சா?"

"இன்னும் அனுப்பல. அனுப்பாம இருக்கத்தான் வழி கேக்கறேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா மாமா?" என்றான் மைத்துனன். எந்த விஷயத்தையும் இப்படித்தான் ஆரம்பிப்பான். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. புதுசா ஒண்ணு ஒட்டுவோம். பத்து பேர் பத்து விதமாப் பாராட்டி எழுதட்டும். பத்து பாராட்டைப் பாத்தா அந்த ஒரு திட்டு மறந்தே போயிடும்."

"அது பொய் இல்லையா?"

"நீங்க உண்மை எழுதினதுலதானே மாமா இந்த நிலைமை?"

தேறாது சார் பழைய தாளை மெதுவாகப் பிரித்தெடுத்து எட்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். முதல் பாராட்டை எழுத மனைவியிடம் பேனாவைக் கொடுத்தார்.

"படிக்காம எப்படிங்க எழுதறது?"

"படிச்சா எழுத முடியாது. எழுது."

'அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் சிரித்தேன். ஓர் இல்லத்தரசி,' என்று எழுதினாள்.

"ஏதாவது ஒரு காட்சியைக் குறிப்பாச் சொன்னாத்தான் நம்புவாங்க மாமா," என்றான் மைத்துனன். "உள்ள என்னதான் வருது?"

"ஒரு ஆளும் அவன் பெண்டாட்டியும் செருப்பு வாங்கப் போவாங்க. அது நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி வரும்."

"ஆஸ்பத்திரியா! சிரிப்புக் கதைல ஆஸ்பத்திரி வந்தா ஊசிதான். ஊசின்னாலே சிரிப்புதான்." அவன் எழுதினான்: 'ஆஸ்பத்திரிக் காட்சியில் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு போய் என்னையும் சேர்க்க வேண்டியதாயிற்று.'

மறுநாள் தொழிற்சாலையில் மதிய இடைவேளையின்போது புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவரும் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. எல்லோரும் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, 'இப்படி ஒரு ஜோடி எங்கள் தெருவிலும் இருக்கிறது, இனி அவர்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும்,' என்று எழுதினாள். லாரி ஓட்டுநர், 'வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன்,' என்று எழுதினார். அடுப்புப் பிரிவுக்காரர், 'ஆசிரியருக்கு இதுபோல இன்னும் பல அனுபவங்கள் ஏற்பட்டு, இன்னும் பல புத்தகங்கள் எழுத வாழ்த்துகிறேன்,' என்று நல்ல மனதோடு வாழ்த்தினார். பதினொரு கருத்து, ஐந்து நிற மை.

புதன்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் வாத்தியார் ஒரு சுற்று முழுக்கப் பேசவே இல்லை.

"அந்தத் தாளை யாரோ கிழிச்சிட்டாங்க சார்," என்றார் கடைசியில். "கையெழுத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கலாம்னு இருந்தேன். இனிமே முடியாது."

"போகட்டும் சார். நல்லதுதானே?" என்று தேறாது சார் கட்டுப் போட்ட கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "புதுசா நிறைய பேர் எழுதியிருக்காங்களாமே? எல்லாரும் நல்லாச் சிரிச்சிருக்காங்களாம்?"

"ஆமா," என்றார் வாத்தியார் தரையைப் பார்த்து. "சிரிச்சிருக்காங்க."

மறுநாள் அவர் நடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆளில்லாத நடைபாதையில் தேறாது சார் தனியாக ஐந்து சுற்றுச் சுற்றினார். காற்று எங்கிருந்தோ வந்தது, எங்கிருந்து என்று சொல்ல ஆளில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல் வாத்தியார் இருந்த மாடிப்படியின் கீழே போய் நின்று கூப்பிட்டார்.

வாத்தியார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். நடக்கத் தோணல, அவ்வளவுதான். உங்க கை எப்படி இருக்கு?"

கையைப் பற்றிக் கேட்காமல் இருந்திருக்கலாம். வீடு வரைக்கும் தேறாது சார் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். அந்த ஒன்பது வரி எவ்வளவு ஆழமாகக் குத்தியிருந்தால், பதினொரு பாராட்டு வந்தும் புண் ஆறவில்லை! இனி இந்த ஜென்மத்தில் யாரிடமும் உண்மையே பேசுவதில்லை என்று தீர்மானித்தார்.

"எழுத்துல பாராட்டினா அப்படித்தான் மாமா, ஒட்டாது," என்றான் மைத்துனன். "நேர்ல சிரிக்கணும். அவர் கண்ணெதிர்ல நாப்பது பேர் சிரிச்சா, மனுஷன் எழுந்து ஆட மாட்டாரா?"

நூலகத்தில் மாதம் ஒரு முறை வாசகர் கூட்டம் உண்டு. வழக்கமாக நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். இந்த மாதம் வாத்தியாரின் புத்தகத்துக்கு நாற்பது பேர் வருவார்கள் என்றதும் நூலகர் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'சிரிப்பு மாலை' என்று வாசலில் பலகை வைத்தார். வாத்தியாருக்கு அழைப்பைச் சொல்லத் தேறாது சாரே போனார்.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல சார்," என்று தயங்கினார் வாத்தியார். பிறகு ஏதோ யோசித்தவர் போல, "வாசகர்கள் எல்லாரும் வருவாங்களா?" என்றார்.

"எல்லாரும் வருவாங்க."

"அந்த முதல் கருத்து எழுதினவரு?"

"அந்த ஆள் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டான் சார். அதுக்கு நான் பொறுப்பு," என்று மார்பைத் தட்டிச் சொன்னார் தேறாது சார்.

வாத்தியார் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. ஆனாலும், "நீங்க கூப்பிடறீங்க. வரேன்," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பேக்கிங் பிரிவு முழுவதும் வந்து உட்கார்ந்துவிட்டது. மைத்துனன் காலையிலேயே பயிற்சி கொடுத்திருந்தான். மாமா கைக்குட்டையை எடுத்தால் சிரிக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் விழுந்து புரண்டு சிரிக்க வேண்டும். வாத்தியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், பட்டன் எல்லாம் சரியாக இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறாது சார் எழுந்து புத்தகத்தைத் திறந்தார். செருப்பு மாறுகிற இடத்தை வாசிப்பதாக ஏற்பாடு.

'ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினேன்,' என்று ஆரம்பித்தார். நாற்பது பேர் அடைத்துக்கொண்டிருந்த அறையில் புழுக்கம். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தார்.

அறை சிரித்தது.

திடுக்கிட்டுக் கைக்குட்டையை மறைத்தார். 'நீண்ட தாழ்வாரம். எதிரே வந்த நர்ஸ் என் காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டும் இடது கால் செருப்பு. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் மனைவியுடையது.'

அந்த இடத்தில் அவருக்குத் தொண்டை கம்மியது. மூன்று மாதத்துக்கு முன்னால் பஸ்ஸிலும் இதே இடத்தில்தான் கம்மியது. சரக்கு சரியில்லை என்று அன்று நினைத்தார். இன்று தன் மனசு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கி எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றினார்.

பேக்கிங் பிரிவு விழுந்து புரண்டது. லாரி ஓட்டுநர் நாற்காலியோடு சாய்ந்தார். ஒருத்தி, "ஐயோ, பெண்டாட்டி செருப்பாம்!" என்று தொடையைத் தட்டினாள். நிறுத்தச் சொல்லித் தேறாது சார் கையை உயர்த்தினார், அந்தக் கையில் கைக்குட்டை இருந்தது. சிரிப்பு இரட்டித்தது.

எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக வாசித்தார். 'கட்டிலில் இருந்தபடியே அவளும் என் காலைப் பார்த்தாள். சிரித்தாள். இதைக்கூடப் பார்த்துப் போட்டுக்கத் தெரியல, நான் இல்லாட்டி என்ன செய்யப் போறீங்க என்றாள்.'

அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. அடுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்கு அடுத்ததும் வெள்ளை. அச்சுக்காரர் கவனக்குறைவு என்று அவர் அப்போதே நினைத்திருந்தார். என்ன வாசிப்பது என்று தெரியாமல் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்த மைத்துனன், நிலைமையைச் சமாளிக்க எழுந்து நின்று கை தட்டினான். அத்தனை பேரும் தட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள்.

வாத்தியார் எழுந்தார். ஆடவில்லை. மெதுவாக நடந்து வந்து தேறாது சாருக்குப் பக்கத்தில் நின்றார்.

"எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க சார். என் நன்றியைச் சொல்லிடுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "நாளையிலேருந்து பூங்காவுல எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் நடைக்கு வரல." புத்தகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தவர் மாதிரி கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். "கையைப் பாத்துக்குங்க."

கூட்டம் கலைந்தது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டும் டீயும் தீர்ந்தன. "அமோக வெற்றி மாமா! மனுஷன் பேச்சு வராம போயிட்டாரு பாத்தீங்களா?" என்று தோளைக் குலுக்கிவிட்டு மைத்துனனும் போனான். நூலகர் அம்மா பலகையை உள்ளே எடுத்து வைக்கப் போனார்.

தேறாது சார் முன்வரிசையில், வாத்தியார் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் புத்தகம் இருந்தது. கையில் இருந்த கட்டை அவிழ்த்து உருட்டிக்கொண்டே இருந்தார். கருத்துச் சொல்லி இழந்தவர்கள் உண்டு, அதற்காக அவர் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. கருத்தை மாற்றி இழந்தது இதுதான் முதல் தடவை.

துடைப்பச் சத்தம் கேட்டது. நூலகத்தைத் தினமும் காலையில் முதலில் வந்து திறந்து, பெருக்கித் துடைக்கும் அக்கா, நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் தூளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு நேரமும் பின்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தவர்.

"ஏன் சார், உள்ள ஒரே சிரிப்பாக் கெடந்துதே? வாத்தியாரய்யா என்னடான்னா கண்ணைத் துடைச்சுக்கிட்டே போறாரு," என்றார்.

"எல்லாம் என்னாலதாங்க்கா." யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு வரும் போல இருந்தது. "அந்தப் புத்தகத்துல முதமுதல்ல ஒரு கருத்து இருந்துதே, சிரிப்பு வரல, சாப்பாடு இறங்கலன்னு? எழுதினது நான்தான். அவர் மனசு நோகுமேன்னு நானே கிழிச்சுப் போட்டேன். அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூத்தெல்லாம்."

அக்காவின் துடைப்பம் நின்றது. 

"ஐயோ சார், சம்சாரம் செத்ததை எழுதின புத்தகத்தை அட்டையைப் பாத்துட்டு சிரிப்பு அலமாரியில வெச்சுட்டாங்க, அப்பவும் படிச்சு அழுதவரு ஒருத்தர் இருக்காருன்னு, அந்தத் தாளைத் தொட்டுப் பாக்கறதுக்குத்தானே வாத்தியாரய்யா தினமும் நான் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாரு!"